புல்லுக்கு ஷேட் பார்த்த நாள்

1

போன வாரம் சண்முகம் திருப்பூரிலிருந்து போன் செய்தான். அனுப்பர்பாளையத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் எனக்கு அடுத்த மேசைக்காரன். இப்போதும் அங்கேதான் இருக்கிறான். போன வருடக் கடைசியிலிருந்து ஆர்டர்கள் இளைத்துவிட்டன, இரண்டாவது ஷிப்டை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டான்.

"ஏனுங்ணா, நீங்க பாக்கற லேண்ட்ஸ்கேப்பிங் வேலைக்கு நானும் வந்தா செட் ஆகுங்களா? நமக்கும் தோட்டங்காடெல்லாம் பழக்கந்தானுங்களே."

"கடைசியா எப்ப மம்பட்டி புடிச்சே?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "பத்தாவது பரீட்ச லீவுலீங்க."

சிரித்தோம். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசினால் நல்லதை மட்டும் சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரியும். எழுதினால் அப்படித் தப்பிக்க முடியாது. 2005 முதல் இந்த வருடம் வரைக்கும் ஐந்து நாட்குறிப்புகள் என் மேசையில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சண்முகத்துக்கு என்று தொடங்கினாலும், அவனைப்போல யோசித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களும் படிக்கலாம்.

2

நான் மெல்பர்ன் வந்து இறங்கியது 2005 அக்டோபரில். வெளிநாடுகள் துணி இறக்குமதிக்கு வைத்திருந்த அளவுக் கட்டுப்பாடான கோட்டா முறை முடிந்த வருடம் அது. திருப்பூரில் எல்லாரும் புது மெஷினும் புதுக் கட்டடமும் போட்டுக்கொண்டிருந்தபோது இவன் ஏன் கிளம்புகிறான் என்று உறவில் பேசினார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பதினோரு வருடம் ஒரே குழல்விளக்கின் கீழ் துணி பார்த்திருந்தேன். வேறு வெளிச்சத்தில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும்போல இருந்தது.

குடியேற்ற அனுமதி எனக்கும் மனைவி கவிதாவுக்கும் மகள் யாழினிக்கும் சேர்ந்தே கிடைத்தது. ஆனாலும் நான் முதலில் வந்து வேலை தேடி, வீடு பிடித்து, பிறகு அவர்களை அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். இங்கே பள்ளிக்கூட வருடம் ஜனவரிக் கடைசியில் தொடங்குகிறது. யாழினிக்கு ஏழு வயது. வருட ஆரம்பத்திலேயே வகுப்பில் சேர்ந்துவிட்டால் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் புதியவளாக இருப்பாள். பாதியில் வந்தால் அவள் மட்டும் புதியவளாக இருப்பாள். அதனால் ஜனவரி என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்லாகிவிட்டது.

அதற்குக் குறுக்கே ஒரு காகிதம் இருந்தது. வாடகைக்கு வீடு காட்டும் ஏஜென்ட், நிரந்தர வேலையில் இருப்பதாக முதலாளியின் கடிதம் கேட்டார். அது இல்லாதவர்களின் விண்ணப்பம் அடுக்கின் அடியில் போய்விடும் என்பதைச் சிரித்த முகத்தோடு சொன்னார். நான் அப்போது ஈழத்துக்காரர் ஒருவர் வீட்டுப் பின்னறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன்.

வேலைக்கு அலைந்த கதையில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: "உள்ளூர் அனுபவம் உண்டா?" பதினோரு வருடம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன துணியைச் சோதித்தவன் என்றேன். துணி இங்கே தைப்பதில்லையே என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

பெயரிலும் ஒரு சிக்கல். எனக்கு ஒரே பெயர், ராஜேந்திரன். படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்கவில்லை. அப்பாவின் பெயரை எழுதினேன். சென்னியப்பன். முதல் நாள் வேலையில் அது சென்னி ஆயிற்று. வெள்ளகோவில் பக்கத்தில் ஊரே எழுந்து நின்று வணக்கம் சொன்ன மனிதரின் பெயரைச் சொல்லி, "சென்னி, அந்த மண்ணை அள்ளு", "சென்னி, குப்பையைக் கட்டு" என்று நாள் முழுக்க ஏவினார்கள். அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் சிரித்திருப்பாரா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

3

அந்த வேலைதான் கமர்ஷியல் லேண்ட்ஸ்கேப்பிங். வீட்டுத் தோட்டம் அல்ல. அலுவலகங்கள், கிடங்குகள், மருத்துவமனைகள், கடைத்தொகுதிகள் ஆகியவற்றைச் சுற்றி மண் நிரவி, குழாய் பதித்து, செடி வைத்து, புல்தரை போட்டு, பிறகு வருடம் முழுக்கப் பராமரிப்பது. கட்டடம் கட்டுபவர்கள் கிளம்பும்போது நாங்கள் உள்ளே போவோம். திறப்பு விழாவுக்கு முதல் நாள் வெளியே வருவோம். படித்தவனா என்று யாரும் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு வர முடியுமா, முதுகுவலி உண்டா என்று மட்டும் கேட்டார்கள். கட்டுமானப் பாதுகாப்பு வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து அட்டை வாங்கினேன். இரும்பு முனை வைத்த பூட்ஸும் மினுங்கும் மஞ்சள் சட்டையும் கொடுத்தார்கள். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். நவம்பர் தொடக்கத்தில் சேர்ந்தேன் என்பதால் கணக்கு ஜனவரிக் கடைசியில் சரியாக வந்து நின்றது.

எங்கள் குழுவுக்குத் தலைவி ஷெரில். நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு வார்த்தையில் முடிவதை மூன்றாவது வார்த்தைக்கு நீட்டமாட்டார். இன்னொருவன் இவான். குரோஷியாவிலிருந்து சின்ன வயதில் வந்தவன். சுமை தூக்கும் சிறிய போர்க்லிப்ட் வண்டியை அவன்தான் ஓட்டுவான். என்னைச் சீண்டாமல் அவனுக்குக் காலை விடியாது.

"நீ சட்டை தைத்தவன்தானே சென்னி? இந்தச் செடிவேலியை ஏன் பட்டன் வரிசைபோல வெட்டுகிறாய்?"

"நான் தைக்கவில்லை. தைத்ததில் குறை கண்டுபிடித்தேன்."

"ஓ, என் மாமியார் வேலை."

ஊரில் அம்மாவுக்குப் போனில் சொன்னேன். நிதானமாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, இங்க நம்ம தோட்டத்துல களை வெட்டச் சொன்னா சைக்கிள எடுத்துட்டு ஓடிப்போயிருவே. இப்ப அடுத்தவன் தோட்டத்துல களை வெட்டறதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போயிருக்கறயா?"

அவர் சொன்னது சரிதான். நாங்கள் தோட்டத்தை விட்டுப் பனியனுக்குப் போன தலைமுறை. கிணறு வற்றியதால் போனவர்கள் பாதி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனதால் போனவர்கள் மீதி. மண்ணை எவ்வளவு சீக்கிரம் மறக்கிறோமோ அவ்வளவு முன்னேற்றம் என்று நினைத்தோம். நான் நன்றாகவே மறந்திருந்தேன். எவ்வளவு நன்றாக என்பது அந்த ஜனவரியில்தான் தெரிந்தது.

4

அதற்கு முன் 2002இல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பனியன் தொழிலில் இல்லாதவர்களுக்காக: துணியைச் சாயத்தொட்டியில் ஒரு தடவை முக்கி எடுப்பது ஒரு லாட். அடுத்த தடவை அதே சாயம், அதே அளவு என்றாலும் நிறம் ஒரு நூலிழை மாறிவிடும். ஒரு லாட்டில் உடம்பையும் இன்னொரு லாட்டில் கையையும் வெட்டித் தைத்தால், சட்டையை விரித்ததும் கை தனியாகத் தெரியும். ஷேட் வேரியேஷன் என்போம். பையரின், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின், ஆள் அதைக் கண்டால் மொத்த சரக்கும் நிற்கும். அதனால் சந்தேகமான பீஸ்களைப் பகல் வெளிச்சத்தில் பரப்பி, கருப்பு, நடு, வெளுப்பு என்று மூன்றாகப் பிரித்து, அதனதனோடு சேர்ப்போம். நான் பொறுப்பிலிருந்த செக்கிங் பிரிவில் அதில் கெட்டிக்காரர் ஜெபமணி அக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். ஷேட் பார்க்கிற பெட்டி விளக்கு எரியாத நாட்களிலும் அவர் கண் தவறாது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கருநீலச் சட்டைகள். லாரி வாசலில் நிற்கிறது. ஜெபமணி அக்கா இரண்டு பீஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், இந்தக் கை வேற, ஒடம்பு வேற. பாத்துக்கிடுங்க."

"பரவால்லக்கா. டியூப்லைட்ல அப்பிடித்தான் தெரியும்."

"வெளிய கொண்டுபோயிப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"போட்டும், பேக் பண்ணுங்க."

திங்கட்கிழமை பையரின் ஆள் அட்டைப்பெட்டிகளைத் திறந்தார். சரக்கு நின்றது. முதலாளி பிரிவுக்கு வந்து, எந்த மேசையில் பார்த்த பீஸ் என்று கேட்டார். மேசை எண் ஜெபமணி அக்காவுடையது. அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அக்காவிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். பக்கத்துப் பட்டறைகளில் பாத்திரம் தட்டும் சத்தம் அன்றைக்கு மிகப் பெரிதாகக் கேட்டதாக ஞாபகம்.

ஊரில் விட்டுவந்த என் பழைய நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் நான்கு சொற்கள்தான்: "ஷிப்மென்ட் நின்றது. மாலை மழை." மழையைக்கூட எழுதியிருக்கிறேன். அவர் பெயரை எழுதவில்லை.

அதற்குப் பிறகு நான் ஷேட் விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கண்டிப்பானவன் என்று பெயர் வாங்கினேன்.

5

2006 ஜனவரி நடு. புதன்கிழமை என்றே நினைத்திருந்தேன். நாட்குறிப்பு செவ்வாய் என்கிறது. நகரின் மேற்கு ஓரத்தில் புது அலுவலகக் கட்டடம். முகப்பில் பெரிய புல்தரை. வெள்ளிக்கிழமை கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும். மண்ணை நிரவி, உரம் தூவி, தயாராக வைத்திருந்தோம். புல் இங்கே பாய்போலச் சுருட்டி வரும். அதிகாலையில் பண்ணையில் வேரோடு சீவி, சுருட்டி, மரத்தட்டுகளில் அடுக்கி லாரியில் ஏற்றுவார்கள். இரண்டு லாரி வந்தது.

ஷெரிலுக்கு நீர்க்குழாய் உதிரிகள் வாங்கப் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது சொன்னார்: "நேர்க்கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். வருகிற வரிசையில் விரியுங்கள். உடனுக்குடன் தண்ணீர். இன்றைக்கு வடக்குக் காற்று." அங்கே வடக்குக் காற்று என்றால் பாலைவனத்திலிருந்து வருவது. கோடையில் அது அடித்தால் காலை பத்து மணிக்கே முகம் காய்ந்துவிடும்.

நானும் இவானும் ஏழெட்டு வரிசை விரித்தோம். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு வரிசை கரும்பச்சை, அடுத்த வரிசை இளம்பச்சை. இரண்டாவது லாரிப் புல் ஒரு ஷேட் கம்மி.

"நிறுத்து," என்றேன்.

"ஏன்?"

"நிறம் வேறு வேறாக இருக்கிறது. இப்படியே போட்டால் வாங்கமாட்டார்கள்."

"சென்னி, புல் பச்சை. வேலை முடிந்தது."

"வெள்ளிக்கிழமை அவர்கள் மாடியிலிருந்து பார்ப்பார்கள். கோடு கோடாகத் தெரியும். எனக்கு இந்த வேலை தெரியும், இவான். நம்பு."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினான். எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்தேன். தட்டுகளை எல்லாம் கார் நிறுத்தும் தார்த்தரைக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொரு சுருளையும் இறக்கி, முனையை விரித்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, கருப்பு, நடு, வெளுப்பு என்று மூன்று அடுக்காக அடுக்கினேன். இவான் நடுவில் ஒரு தடவை நின்று, "இஸ்திரியும் போடட்டுமா?" என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்கிறேன் என்ற நிறைவு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மதியம் ஷெரில் வந்தார். வண்டியிலிருந்து இறங்கியவர் மூன்று அடுக்குகளையும் பார்த்தார். நேராக வந்து நடு அடுக்கின் இடுக்கில் முழங்கை வரை கையை விட்டார். எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கையை உள்ளே விடு."

விட்டேன். கொதிக்கும் சோற்றுப்பானையைத் தொட்டதுபோல இருந்தது. ஒரு சுருளை இழுத்துப் பிரித்தேன். உள்ளே புல் மஞ்சளாக வெந்து, புளித்த சோளத்தட்டின் வாடை அடித்தது.

அந்த வாடை எனக்குத் தெரியும். பச்சைச் சோளத்தட்டை அறுத்துக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறி அவிந்துபோகும், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். எட்டு வயதில் அப்பாவோடு அதைப் பிரித்துப் பரப்பியவன் நான். புல்லைக் குவிக்கக்கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்று காலை என் கையில் இருந்தது புல் அல்ல, துணி. அப்படித்தான் பார்த்தேன்.

6

நடு அடுக்கும் வெளுப்பு அடுக்கும் முழுக்கப் போயின. கருப்பு அடுக்கில் பாதியைக் காப்பாற்றி விரித்தோம். முகப்பின் வலப்பக்கம் வெறும் மண்ணாக நின்றது. ஷெரில் முதலாளியுடன் போனில் பேசிவிட்டு வந்து, இரண்டு பேரையும் நிறுத்திக் கேட்டார்.

"அடுக்கச் சொன்னது யார்?"

இவான் என்னைப் பார்க்கவில்லை. அவன் பார்த்திருந்தால் ஒருவேளை எளிதாக இருந்திருக்கும். அவன் வேலையில் என்னைவிட ஆறு வருடம் மூத்த ஆள். வண்டியும் அவன் ஓட்டியது. கேள்வி முதலில் அவன் பக்கம்தான் போகும். ஜனவரிக் கடைசிக்கு இரண்டு வாரம் இருந்தது.

"நான்தான். இவான் வேண்டாம் என்றான்," என்றேன்.

"ஏன் செய்தாய்?"

சொன்னேன். லாட், கை, உடம்பு, பையர், எல்லாவற்றையும் என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். ஜெபமணி அக்காவைப் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நாட்குறிப்பில்கூட எழுதாததை ஒரு கார் நிறுத்துமிடத்தில் நின்று ஒரு அந்நியப் பெண்ணிடம் சொன்னேன். ஷெரில் குறுக்கிடாமல் கேட்டார்.

"இரண்டு வயலிலிருந்து வந்த புல். ஒன்றுக்கு உரம் முன்னால் போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் ஒரே தண்ணீரைக் குடித்தால் நிறம் ஒன்றாகிவிடும். என்னைக் கேட்டிருக்கலாம்." வண்டியை நோக்கித் திரும்பியபடி, "உன்னிடம் போன் இருக்கிறது," என்றார்.

ஜனவரிக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு உறையைக் கொடுத்தார். வேலையைவிட்டு நீக்கவில்லை. சோதனைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருந்தார்கள்.

"நீ சொன்னதை அப்படியே எழுதினேன். முதலாளிக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. ஆனால் கடிதம் இப்போது தரமாட்டார்."

அன்று மாலை போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசினேன். கவிதா வெள்ளகோவிலில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். மூன்று மாதம் தள்ளிப்போகும் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அப்பா போட்ட புல்லு வெந்துபோச்சாம் என்று பக்கத்திலிருந்த யாழினியிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"யாழினிக்கு டிசி வாங்கிட்டனுங்க," என்றாள்.

"எப்ப?"

"பொங்கலுக்கு முந்தியே. ஜனவரின்னு தானுங்க சொன்னீங்க."

"திரும்பச் சேத்திக்கமாட்டாங்களா?"

"கேட்டனுங்க. ஊருக்குப் போறான்னு சொல்லி டீச்சர் எல்லாருத்தையும் நிக்கவெச்சுக் கைதட்டி அனுப்பிச்சாங்களாம். இவ திரும்ப அங்க போமாட்டேங்கறா."

பின்னால் யாழினியின் குரல் கேட்டது. அப்பாகிட்டப் பேச ஒரு தடவை குடும்மா என்றாள். வாங்கியதும், "அப்பா, புல்லு செத்துப்போச்சுங்களா?" என்று கேட்டாள்.

"பாதி செத்துப்போச்சு கண்ணு."

"மீதிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

ஊற்றினேன் என்றேன். அது உண்மை. பிப்ரவரி முழுக்க, வேலை முடிந்து பஸ் பிடிப்பதற்கு முன் அந்தக் கட்டடத்துக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வலப்பக்கத்துக்கு வேறு புல் வந்து போட்டிருந்தார்கள். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்ப்புறச் சாலையில் நின்று பார்த்தேன். காலையில் பார்த்தேன், மேகம் வந்தபோது பார்த்தேன். எது எந்த லாரி என்று என் கண்ணால் பிரிக்க முடியவில்லை. அன்று இரவு நாட்குறிப்பில் 2002ஆம் வருடத்து அந்தத் திங்கட்கிழமையை முழுதாக எழுதினேன், பெயரோடு. எழுதி யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் தெரியாது. ஜெபமணி அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று சண்முகத்துக்கும் தெரியவில்லை.

7

கடிதம் ஏப்ரல் கடைசியில் வந்தது. மே மாதம் கவிதாவும் யாழினியும் வந்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் யாழினி எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. அம்மாயி வீட்டில் தொலைக்காட்சி பார்த்தாள், கன்றுக்குட்டிக்குப் பெயர் வைத்தாள், கூட்டல் கழித்தலைப் பாதி மறந்தாள்.

இங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்த நாட்டில் படிவம் நிரப்புவதில் அப்போதே நான் தேர்ந்திருந்தேன். குடும்பப் பெயர்க் கட்டத்தில் என் பெயரை எழுதி மகளுக்குக் கொடுத்தேன். அப்பாவுக்கு அதோடு விடுதலை. நான்காவது பக்கத்தில் ஒரு கட்டம்: படிப்பில் இடைவெளி இருந்தால் காரணம் எழுதுக. கவிதா எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதறீங்க?"

"நடந்ததத்தான்."

"வேலையில் தந்தை செய்த பிழை" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்த பெண் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமோ சிரிப்போ இல்லாமல், பேனாவால் அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதினார்.

"இது போதும். எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள்," என்றார்.

யாழினியை ஒரு வகுப்பு கீழே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மொழிக்கும் அது நல்லது என்றார்கள். ஒப்புக்கொண்டோம். யாழினிக்கு இப்போது பதினோரு வயது. எங்களோடு பேசும்போதும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறாள். சில நாள் முடிப்பதுமில்லை. நான் இந்த வேலைக்கான சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டேன். எனக்கென்று ஒரு குழு இருக்கிறது. புல் வரும் நாளில் நான் எங்கும் போவதில்லை.

வருடத்துக்கொரு வகுப்புப் படம் வருகிறது. பின்பக்கம் தேதி எழுதி வரிசையாக வைத்திருக்கிறேன், நான்கு சேர்ந்துவிட்டன. நான்கிலும் பிள்ளைகளை உயரப்படி நிறுத்தியிருக்கிறார்கள். நான்கிலும் கடைசி வரிசையில், ஓரத்தில், மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக, கொஞ்சம் குனிந்து நிற்கிறாள் யாழினி.